தட்டல் ஒரு பக்கம், தேய்மானம் இன்னொரு பக்கம்: காரின் ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

என் ஹேட்ச்பேக் காருக்கு ஒன்பது வயதானபோது இடது முன்சக்கரத்தின் பக்கமிருந்து 'கடக் கடக்' என்று ஒரு தட்டல் தொடங்கியது. தெருவில் மெதுவாகப் போனால் கேட்கும்; நெடுஞ்சாலையில் ஏறினால் மறைந்துவிடும். பட்டறையில் காட்டினேன். ஓட்டிப் பார்த்தவர் தெருமுனை திரும்பும் முன்பே ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு பக்கமும் புதிதாக மாட்டினோம். வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே அதே தட்டல். கடைசியில் அகப்பட்டது, ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல் நீளமுள்ள, ஸ்டெபிலைசர் லிங்க் என்ற சிறு இணைப்புக் கம்பி. ஷாக் அப்சார்பர் ஜோடிக்குக் கொடுத்ததில் சிறு பங்குதான் அதன் விலை. மாற்ற அரை மணி நேரம் ஆனது.

சத்தத்தைக் கேட்டுப் பாகம் வாங்குவதை அன்றோடு நிறுத்தினேன். சத்தம் எந்த மூட்டைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லும், அவ்வளவுதான். அந்த மூட்டில் ஆட்டம் கையில் பட வேண்டும், அல்லது கிழிசலும் கசிவும் கண்ணில் பட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பணப்பையைத் திறக்க வேண்டாம். பட்டறைகளில் இந்த ஆட்டத்தைப் 'பிளே' என்பார்கள். கீழே சொல்வதெல்லாம் அதைத் தேடிப் பிடிக்கும் வழிதான்.

அடியில் என்ன இருக்கிறது

நம் தெருக்களில் ஓடும் சிறிய கார்களில் முன்பக்கம் பெரும்பாலும் மாக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்புதான். 1950இல் ஃபோர்டு நிறுவனம் பிரிட்டனில் அறிமுகப்படுத்திய கான்சல் காரில் வந்த இந்த ஏற்பாட்டின் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்தான் ஸ்ட்ரட். பானெட்டைத் திறந்தால் இரு ஓரத்திலும் தெரியும் வட்டக் குமிழில் அதன் தலை, ஒரு ரப்பர் மவுண்டும் ஒரு பேரிங்கும் வழியாக பாடியோடு சேர்கிறது. அதன் கால், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு சேர்கிறது. நக்கிளின் அடிப்பகுதியைப் பிடித்திருப்பது லோயர் ஆர்ம். அதன் வெளிமுனையில் பால் ஜாயிண்ட், அதாவது குழிக்குள் உருண்டை சுழலும் மூட்டு; உள்முனையில் அதிர்வை வாங்கும் ரப்பர் வளையங்களான புஷ்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, பல் வெட்டிய நீளமான கம்பியான ரேக் இடவலமாக நகர்ந்து, டை ராட் வழியாக நக்கிளைத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது. டை ராடின் வெளிமுனையில் இருப்பது டை ராட் எண்ட். உள்முனையில், ரேக்கின் ரப்பர் உறைக்குள் ஒளிந்திருப்பது ரேக் எண்ட். இவை தவிர, இரு பக்கத்தையும் இணைக்கும் வளைந்த கம்பியான ஸ்டெபிலைசர் பாரும், அதன் இரு நுனியிலும் ஒவ்வொரு லிங்க்கும்.

அம்பாசடர் காலத்தில் இந்த மூட்டுகளுக்கு கிரீஸ் நிப்பிள் இருந்தது. கிரீஸ் கன்னோடு அடியில் படுப்பவருக்கு எந்த மூட்டு தளர்ந்திருக்கிறது என்பதும் போகிற போக்கில் தெரிந்துவிடும். இன்றைய மூட்டுகள் ஆயுளுக்கும் சேர்த்து கிரீஸ் அடைத்து மூடப்பட்டவை. பராமரிப்பு மிச்சம், ஆனால் யாரும் அடியில் பார்ப்பதில்லை. மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் மழைத்தண்ணீரும் மணலும் உள்ளே போய், மீதி ஆயுளைச் சில மாதங்களில் தின்றுவிடும்.

கை வைப்பதற்கு முன்

டயர் காற்றைக் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள். டிக்கியைக் காலி செய்யுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, நட்டு தளர்ந்த ஸ்டெப்னியும், அதன் இடத்தில் உட்காராத ஜாக்கியும், பின்னால் உருளும் தேங்காயும்கூட முன்பக்கச் சத்தம் போலக் கேட்கும்.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. உடம்பின் எந்தப் பகுதி காருக்கு அடியில் போவதாக இருந்தாலும் ஜாக் ஸ்டாண்ட் இருக்க வேண்டும். அடுக்கி வைத்த செங்கல் ஜாக் ஸ்டாண்ட் ஆகாது. அது எச்சரிக்கை தராமல் நொறுங்கும்.

அறிகுறி: கரடுமுரடான தெருவில் மெதுவாகப் போகும்போது 'கடக் கடக்'

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். அதிகம் தவறாகக் கணிக்கப்படுவதும் இதுதான். மணிக்கு 15 முதல் 20 கி.மீ. வேகத்தில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு, நீளமான மதில்சுவரை ஒட்டி ஓட்டுங்கள். சுவர் சத்தத்தைத் திருப்பித் தரும். பிறகு சுவர் மறுபக்கம் வரும்படி திரும்பி வாருங்கள். பக்கம் ஓரளவு தெளிவாகும்.

அடுத்து, அதே இடத்தில் பிரேக்கை மிக லேசாக மிதித்தபடி ஓட்டுங்கள். சத்தம் சட்டென்று நின்றால் அது சஸ்பென்ஷன் அல்ல. பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரோ அதிலுள்ள பேடோ தளர்ந்து ஆடுகிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எத்தனை லோயர் ஆர்ம்கள் கழற்றப்பட்டிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நிற்கவில்லையா? இப்போது இரண்டு விதமாக மேடு ஏறிப் பாருங்கள். முதலில், இரு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி நேராக வேகத்தடையைக் கடந்து செல்லுங்கள். பிறகு, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்படி ஓட்டுங்கள். நேராக ஏறியபோது அமைதி, ஒரு சக்கரம் மட்டும் இறங்கியபோது தட்டல் என்றால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க்தான். காரணம் எளியது: இரு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் பார் தன் புஷ்களில் சும்மா சுழலும், முறுக்கேறாது. ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால்தான் அது முறுக்கிக்கொண்டு லிங்க்கின் மூட்டுகளை மாறி மாறி இழுக்கும். நேராக ஏறும்போதும் தட்டினால் ஸ்ட்ரட், மவுண்ட், பால் ஜாயிண்ட் ஆகியவற்றின் மேல் சந்தேகம் போகிறது.

வேகத்தடை என்றதும் ஒன்று. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதலில் உள்ள வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட பரந்த வளைவு, 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கானது. நம் தெருக்காரர்கள் ஒரே இரவில் சிமெண்ட் குழைத்துக் கட்டும் முதலைமுதுகு அந்தக் கணக்கில் வராது. சோதனைக்கு முந்தைய வகையைத் தேடுங்கள்.

லிங்க்கைச் சோதிக்கக் காரைத் தூக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுக்கேறி லிங்க்கை இறுகப் பிடித்துக்கொள்ளும், தேய்ந்த மூட்டும் கல்போல் நிற்கும். சக்கரங்கள் தரையில் இருக்க, ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாகத் திருப்பி இடம் உண்டாக்கி, லிங்க்கின் நடுவைப் பிடித்து மேலும் கீழும் வெடுக்கென்று ஆட்டுங்கள். நல்ல மூட்டு பிசுபிசுப்பான எதிர்ப்போடு திரும்பும். மேல்கீழ் அசைவு இருக்காது. தேய்ந்தது 'டக் டக்' என்று கையிலேயே பேசும். அப்படியும் தெளியவில்லை என்றால் இரண்டு லிங்க்கையும் கழற்றி, பாரின் நுனி எதிலும் உரசாதபடி கம்பியால் கட்டிவிட்டு, அதே தெருவில் மெதுவாக ஒரு சுற்றுப் போய் வாருங்கள். சத்தம் இல்லையென்றால் விடை கிடைத்துவிட்டது. அந்த நிலையில் காரை வேகமாகத் திருப்பாதீர்கள். வழக்கத்தைவிட அதிகமாகச் சாயும்.

லிங்க் நலமாக இருந்தால் ஸ்ட்ரட்டுக்கு வாருங்கள். பானெட்டைத் திறந்து, மவுண்டின் மேல் விரல் வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஃபெண்டரை அழுத்தி விடச் சொல்லுங்கள். மவுண்டின் நடு நட்டு ரப்பரிலிருந்து விலகித் துள்ளினாலோ, விரலில் தட்டல் பட்டாலோ மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறது. ஸ்ட்ரட்டின் உடலில் எண்ணெய் வழிந்து, தூசி சேறுபோல் அப்பியிருந்தால் சீல் போய்விட்டது. மெல்லிய ஈரப்படலம் மட்டும் இருந்தால் அது கசிவல்ல. துடைத்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் பாருங்கள்.

காரின் மூலையை அழுத்தி விட்டு எத்தனை முறை குதிக்கிறது என்று எண்ணும் பழைய சோதனையை எல்லோரும் சொல்வார்கள். முழுவதும் செத்துப்போன ஷாக் அப்சார்பரைத்தான் அது காட்டிக்கொடுக்கும். பாதி தளர்ந்தது அதில் தேறிவிடும். பாலத்தின் இணைப்புகளைக் கடந்தபின் மூக்கு ஒன்றரை முறைக்கு மேல் ஆடுகிறதா, பிரேக் அடித்தால் முன்பக்கம் முன்பைவிட ஆழமாகக் குனிகிறதா என்பவை இதைவிட நம்பகமான தடயங்கள்.

அறிகுறி: ஸ்டீயரிங் தளர்ந்திருக்கிறது, திருப்பினாலும் வண்டி உடனே கேட்பதில்லை

என்ஜினை அணைத்து, சக்கரங்கள் நேராக இருக்க, ஸ்டீயரிங் பூட்டை விடுவித்து, இரண்டு விரலால் இடமும் வலமும் மெதுவாக அசையுங்கள். முன்சக்கரம் அசையத் தொடங்கும் வரை ஸ்டீயரிங்கின் விளிம்பு எவ்வளவு தூரம் வெறுமனே நகர்கிறது என்று பாருங்கள். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி, இந்த வெற்றாட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. 37 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கில் அது விளிம்பில் ஏறத்தாழ 10 செ.மீ. வரும். லாரிகளுக்கும் சேர்த்து வைத்த பொது எல்லை அது. ரேக் உள்ள ஒரு சிறிய காரில் அவ்வளவு ஆட்டத்தோடு நெடுஞ்சாலையில் ஏற எனக்குத் துணிச்சல் இல்லை. கார்களின் கையேடுகளில் வழக்கமாகக் காணப்படும் எல்லை சுமார் 30 மி.மீ. அதே விதி, ஸ்டீயரிங் இணைப்புகளின் பால் ஜாயிண்ட்டுகள் ரப்பர் உறையால் மூடப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும்போது மட்டும் நினைவுக்கு வரும் வரி அது. தினமும் நினைவில் இருந்தால் நல்லது.

ஆட்டம் எங்கே என்று தேடுவதற்குத் துணைக்கு ஒருவர் வேண்டும். சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். அவர் ஸ்டீயரிங்கை நான்கு விரற்கடை அளவுக்கு இடவலமாக விடாமல் ஆட்டட்டும். நீங்கள் வரிசையாக ஒவ்வொரு மூட்டிலும் கை வையுங்கள். முதலில் டை ராட் எண்ட். விரல்கள் பாதி மூட்டின் குமிழிலும் பாதி அது மாட்டியிருக்கும் நக்கிளின் காதிலும் படும்படி பிடியுங்கள். டை ராட் நகர்ந்த பிறகு ஒரு கணம் தாமதித்து நக்கிள் நகர்ந்தால், அல்லது குமிழ் மேலே எம்பினால், அந்த மூட்டு முடிந்தது. அடுத்து ரேக் எண்ட். அது உறைக்குள் இருப்பதால், உறையை வெளியிலிருந்து அமுக்கி உள்ளே இருக்கும் மூட்டைப் பிடித்து உணர வேண்டும். உறைக்குள் கிரீஸ் தண்ணீராகி வழிந்தால், உறை கிழிந்து நாளாகிவிட்டது என்று பொருள்.

இரண்டும் நன்றாக இருந்தால் மேலே போங்கள். பெடல்களுக்கு மேலே, ஸ்டீயரிங்கிலிருந்து இறங்கும் தண்டையும் ரேக்கையும் இணைக்கும் சிறு தண்டில், கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் இரண்டு யுனிவர்சல் ஜாயிண்ட்டுகள் இருக்கும். அங்கே வரும் ஆட்டம் சக்கரத்தில் தெரியாது. கையில் 'டிக்' என்று மட்டும் தெரியும். இணைப்பு போல்ட் தளர்ந்திருப்பதும் உண்டு.

கடைசியாகத்தான் ரேக். கல்பாவிய தெருவில் ஸ்டீயரிங்கிலேயே கடகடப்பு உணர்ந்தால் ரேக்கின் உள் புஷ்ஷோ, பல்லை அழுத்திப் பிடிக்கும் துண்டோ தேய்ந்திருக்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. ரேக்கில் ஒரு சரிசெய்யும் திருகு இருக்கும். கால் சுற்று இறுக்கினால் சத்தம் உடனே நின்றுவிடும், பட்டறையில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அதிகம் இறுக்கினால் வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. தேய்மானமும் ரேக்கின் நடுப்பகுதியில்தான் அதிகம். நடுவுக்கு ஏற்ப இறுக்கியது ஓரத்தில் பிடித்துக்கொள்ளும். மழை நாளில் யூ வளைவில் திருப்பும்போது அதை உணர்வது நல்ல அனுபவம் அல்ல.

சக்கரத்தைப் பிடித்து ஆட்டும் சோதனை

இது எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவானது. காரைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாக, கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடத்தில் பிடித்து, ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுங்கள். ஆட்டம் தெரிந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். துணைக்கு இருப்பவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் டிஸ்க்கும் நக்கிளும் ஒன்றாகிவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் மறையும். மறையாத ஆட்டம் பால் ஜாயிண்ட்டில், அரிதாக ஸ்ட்ரட்டின் தண்டில் அல்லது மேல் மவுண்டில் இருக்கிறது. கண்ணை லோயர் ஆர்மின் முனையில் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

பிறகு 3, 9 இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். இங்கே மட்டும் ஆட்டம் என்றால் டை ராட் பக்கம். இரண்டு நிலையிலும் ஒரே அளவு ஆட்டம் என்றால் பேரிங்.

எங்கே தூக்குவது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். மாக்ஃபெர்சன் அமைப்பில் வண்டியின் எடை ஸ்ட்ரட் வழியாக இறங்குவதால் கீழே இருக்கும் பால் ஜாயிண்ட் எடை தாங்குவதில்லை. பாடியின் ஜாக்கி இடத்தில் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டுச் சோதிக்கலாம். இன்னோவா கிரிஸ்டா போல, இரண்டு ஆர்ம்கள் உள்ள, ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் அப்படிச் செய்தால் தொங்கும் ஆர்மை ஸ்பிரிங் அழுத்தி, பால் ஜாயிண்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும். தேய்ந்து உருக்குலைந்த மூட்டும் புதியதுபோல் நடிக்கும். அங்கே ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்ட்டுக்கு இயன்ற அளவு நெருக்கமாகக் கொடுத்துத் தூக்க வேண்டும்.

பால் ஜாயிண்ட்டை உறுதிசெய்ய, நீளமான லீவரை ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் விட்டு மெதுவாக நெம்புங்கள். உறையைக் குத்திவிடாதீர்கள், நல்லதாக இருந்த மூட்டுக்கு நீங்களே நாள் குறித்ததாகிவிடும்.

அறிகுறி: பிரேக் அடித்தாலும் விட்டாலும் ஒரே ஒரு 'தொப்'

தொடர்ந்த கடகடப்பு அல்ல, பிரேக் பிடிக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று. சில வண்டிகளில் கிளட்சை விட்டு நகரும்போதும் கேட்கும். இது பெரும்பாலும் லோயர் ஆர்மின் பின்புற புஷ். சக்கரம் முன்னும் பின்னும் போகாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. ரப்பர் பிளந்துவிட்டால் பிரேக்கின்போது சக்கரம் பின்னோக்கி நகர்ந்து இடிக்கும். அதோடு, பிரேக் பிடித்தால் மட்டும் வண்டி ஒரு பக்கம் இழுப்பதும் சேர்ந்து வரும்.

லீவரால் ஆர்மை முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். புஷ் ரப்பர் கொஞ்சம் நெகிழத்தான் செய்யும், அதற்காகத்தானே ரப்பர். நெகிழ்வதும் நகர்வதும் வேறு. நடுவிலுள்ள இரும்புக் குழாய் வெளிவளையத்தை இடிக்கும் வரை போகிறதா, ரப்பர் இரும்பிலிருந்து உரிந்துவிட்டதா என்பதே கேள்வி. மேலே மெல்லிய வெடிப்புகள் மட்டும் இருந்தால் அவசரம் இல்லை.

கிளட்ச் விடும்போதும் கியர் மாற்றும்போதும் மட்டும் கேட்டால் என்ஜின் மவுண்ட்டைச் சந்தேகியுங்கள். மேடு ஏறும்போது 'கிரீச்' என்று கதவு திறப்பதுபோல் முனகினால், சந்தேகப்படும் ரப்பரின் மேல் தண்ணீர் தெளித்து ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடம் சத்தம் அடங்கினால் இடம் தெரிந்தது. டீசலோ பழைய என்ஜின் ஆயிலோ அடிக்க வேண்டாம். சர்வீஸ் முடிந்ததும் அடிப்பகுதி முழுவதும் எண்ணெய் அடித்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. இரும்புக்கு அது நல்லதாக இருக்கலாம். ரப்பர் உப்பி இளகிப்போகும்.

அறிகுறி: நின்ற இடத்தில் திருப்பினால் 'டொங்'

பார்க்கிங்கில் முழுக்கத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு, பிறகு துள்ளி விடுபடும் சத்தம். ஸ்ட்ரட்டின் தலையிலுள்ள பேரிங் இறுகிவிட்டது. சக்கர வளைவுக்குள் கையை விட்டு ஸ்பிரிங்கை வெளியிலிருந்து லேசாகத் தொட்டுக்கொண்டிருங்கள். சுருள்களுக்கு இடையில் விரலை விட வேண்டாம். துணைக்கு இருப்பவர் திருப்பும்போது ஸ்பிரிங் சீராகச் சுழலாமல் நின்று நின்று உதறினால் முடிவு தெளிவு. வளைவுக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் சோம்புவதும் இதன் துணை அறிகுறி. மவுண்ட்டையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். இதற்கு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் முகத்தைப் பெயர்த்துவிடும். வீட்டு வாசலில் செய்யும் வேலை இல்லை.

அறிகுறி: ஒரு பக்கம் இழுக்கிறது

நம் சாலைகளில் மழைநீர் ஓட நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும். இடப்புறம் ஓட்டும் நாட்டில் கார் மெல்ல இடது பக்கம் சரிவது சாலையின் குணம். போக்குவரத்து இல்லாத அகலமான இடத்தில், சாய்வு மறுபக்கம் இருக்கும்படி ஓட்டிப் பார்க்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

எங்கே ஓட்டினாலும் ஒரே பக்கம் இழுத்தால் முன்சக்கரங்களை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். சுழலும் திசைக் குறி போட்ட டயர்களாக இருந்தால் இது கூடாது. இழுப்பு மறுபக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறவில்லை என்றால் பிரேக் ஒட்டுகிறதா என்று பாருங்கள்: கொஞ்ச தூரம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்தி, இரு ரிம்களின் சூட்டையும் கையை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். அதன் பிறகுதான் அலைன்மெண்ட், அதாவது சக்கரக் கோணங்களைச் சீரமைப்பது. பள்ளத்தில் பலமாக இறங்கிய மறுநாளே ஸ்டீயரிங் கோணலாகிவிட்டது என்றால் டை ராடோ லோயர் ஆர்மோ வளைந்திருக்கலாம். அலைன்மெண்ட் கருவி திரையில் பச்சை காட்டினாலும் வளைந்த இரும்பு நிமிர்ந்துவிடாது.

அறிகுறி: வேகத்தில் ஸ்டீயரிங் உதறுகிறது

80 முதல் 100 கி.மீ. வேகத்தில் தொடங்கி, அதைத் தாண்டினால் குறைந்தால் வீல் பேலன்சிங். பிரேக் பிடித்தால் மட்டும் உதறினால் பிரேக் டிஸ்க். பேலன்சிங் செய்தும் சில வாரங்களில் திரும்பி வந்தால் ரிம் வளைவைப் பாருங்கள். அதோடு டை ராட் எண்ட்டையும். சக்கரத்தின் சிறு குறையைத் தளர்ந்த மூட்டு பெரிதாக்கிக் காட்டும்.

அறிகுறி: விமானம்போல் ஒரு ஊதல், திருப்பத்தில் 'டக டக டக'

வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஊதல் வீல் பேரிங்கின் குரல். இடது பக்கம் வளையும்போது எடை வலது சக்கரத்தின் மேல் சாயும். அப்போது ஊதல் கூடினால் வலது பேரிங். தேய்ந்த டயரும் ஊதும், ஆனால் அது சாலையின் தளம் மாறும்போது குரல் மாறும், பேரிங் மாறாது.

முழுக்கத் திருப்பி முடுக்கும்போது 'டக டக டக' என்று வந்தால் என்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஆக்ஸிலின் வெளிமுனை மூட்டான சி.வி. ஜாயிண்ட். இது ஸ்டீயரிங் பாகம் அல்ல என்றாலும் அடிக்கடி அதன் மேல் பழி விழுகிறது. ரிம்மின் உட்புறத்தில் கறுப்பு கிரீஸ் சிதறியிருந்தால் உறை கிழிந்திருக்கிறது. சத்தம் வருவதற்கு முன்பே கண்டால் உறையும் கிரீஸும் மாற்றினால் போதும்.

டயர் சொல்லும் சாட்சி

உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக, உள்ளிருந்து வெளியே ஒரு முறையும் வெளியிலிருந்து உள்ளே ஒரு முறையும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம்போலவும் பட்டால், சக்கரம் உள்ளேயோ வெளியேயோ பார்த்து நிற்கும் டோ கோணம் தவறியிருக்கிறது. டை ராட் மூட்டுகளைப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் தின்றிருந்தால் கேம்பர், அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம். புஷ்ஷோ வளைந்த ஸ்ட்ரட்டோ காரணமாகலாம். சுற்றளவு நெடுக, கரண்டியால் தோண்டியதுபோல் குழி குழியாக இருந்தால் சக்கரம் தரையில் நிற்காமல் குதித்திருக்கிறது: ஷாக் அப்சார்பர், அல்லது ஏதோ ஒரு தளர்ந்த மூட்டு. இரு ஓரமும் தேய்ந்து நடு மிஞ்சியிருந்தால் காற்றுக் குறைவு. அதற்கு ஏர் கடைக்குப் போனால் போதும்.

உடனே நிறுத்த வேண்டியவை, மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஸ்டெபிலைசர் லிங்க் தட்டினால் சம்பளம் வரும் வரை பொறுக்கலாம். பால் ஜாயிண்ட்டிலும் டை ராட் எண்ட்டிலும் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் பட்டறைக்குக்கூட ஓட்டிப் போகாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள், அல்லது வண்டியைக் கட்டி இழுக்காமல் தூக்கி ஏற்றிக்கொண்டு போங்கள். பால் ஜாயிண்ட் குழியிலிருந்து கழன்றால் சக்கரம் மடிந்து உள்ளே போய்விடும். டை ராட் கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டீயரிங் சொல்வதைக் கேட்காது. இரண்டும் ஓடும்போதுதான் நடக்கும்.

ஷாக் அப்சார்பர்களை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். டை ராட் எண்ட் ஒன்று மட்டும் போனால் ஒன்று மட்டும் போதும். பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணி, புதியதை அதே சுற்றில் ஏற்றினால் அலைன்மெண்ட் கடை வரை ஓட்டிப்போகும் அளவுக்கு நேராக இருக்கும். அதன் கூம்புத் தண்டு காதில் இறுகியிருந்தால் திருகின் நுனியில் சுத்தியலால் அடிக்காதீர்கள். காதின் பக்கவாட்டில் இரண்டு அடி கொடுத்தால் தானே விடுபடும். பூட்டு நட்டுகளைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். பாகத்தோடு புதியது வரும்.

லோயர் ஆர்ம் அல்லது புஷ் மாற்றும்போது, உள்முனை போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுக்க இறுக்கிவிடுவது பட்டறைகளில் சர்வசாதாரணம். புஷ்ஷின் ரப்பர் அந்த நிலையில்தான் ஒட்டிக்கொள்ளும். காரை இறக்கியதும் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் கிடந்து, ஆண்டு திரும்புவதற்குள் கிழியும். போல்ட்டைக் கையால் திருகிய அளவில் விட்டு, காரைத் தரையில் இறக்கி, எடை உட்கார்ந்த பிறகு இறுக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், நின்று செய்ய வையுங்கள்.

அலைன்மெண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. ஆட்டமுள்ள மூட்டை வைத்துக்கொண்டு செய்த அலைன்மெண்ட் கடை வாசலைத் தாண்டும் வரைதான் நிற்கும். வீல் நட்டுகளை 100 கி.மீ. ஓடிய பிறகு ஒரு முறை மறுபடி இறுக்குங்கள்.

பிறகு அதே தெருவில், அதே வேகத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள். தட்டல் இன்னும் இருந்தால், மாற்றாத மறுபக்கத்து லிங்க்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரு பக்கத்து சஸ்பென்ஷனும் ஒரே இரும்புக் கூட்டில் மாட்டியிருப்பதால், வலது பக்கத் தட்டல் இடது காலடியில் கேட்பது உண்டு.